விசர்ஜன் சொன்ன பிறகும்

கடற்படை அகாடமியில் ஒன்றாகப் படித்து வெளியே வந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் எந்த வீட்டில் கூடினாலும் அந்த வீடு ஆடத் தொடங்கும் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாப்பிள்ளைக்குச் சிறு வயதில் மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆனதையும், அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் பாகற்காய் ஆகாது என்பதையும் சொன்ன அதே மூச்சில், அதே அளவு அக்கறையோடு சொன்னார்கள். எல்லா பேட்சுக்கும் அப்படியா, இவர்கள் பேட்சுக்கு மட்டும்தானா என்று என் அண்ணன் கேட்டதற்கு, மற்ற பேட்சைப் பற்றி எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் கூடுவது எங்கள் ஆட்களோடுதானே என்று மாப்பிள்ளை இனிகோ பதில் சொன்னார். அது நியாயமான பதிலாக எல்லோருக்கும் பட்டது. அடுத்த ஞாயிறு பங்குக் கோவிலில் எங்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு கரூரிலும் கொச்சியிலும் தாம்பரத்திலும் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு வீடு நின்ற இடத்திலேயே நிற்கும், படுத்து அசைபோடுகிற மாட்டின் வயிறுபோல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களுக்கோ தரை மெல்லச் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, பிறகு மறுபக்கம் சாயும். சுவரில் உப்பு பூக்கும், ஜன்னல் கம்பியில் பிசுபிசுப்பு ஏறும். ஆண்கள் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு கையில் கிளாசோடு ஒரு சொட்டும் சிந்தாமல் நடப்பார்கள். எத்தனையோ மாதங்களாகப் பார்க்காதவர்கள், ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு வேலையில் வயிறு வைத்து முடி கொட்டிப்போனவர்கள், அந்த ஆட்டம் வந்ததும் பயல்களாகிவிடுவார்கள். பெண்கள் நாங்கள் அடுப்படியில் குக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கடைசியில் அவர்களில் ஒருவரான தண்டபாணி அண்ணன் எல்லோரையும் ஹாலில் வரிசையாக நிறுத்தி, அகாடமி நம்பரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் குரல் கொடுத்து முடித்ததும் "விசர்ஜன்!" என்று, கலையச் சொல்லும் இந்திக் கட்டளையைக் கொடுப்பார். எல்லோரும் வலப்பக்கம் திரும்பி ஓரடி எடுத்து வைத்துக் கலைவார்கள், தரை அப்படியே நின்றுவிடும். அந்தச் சொல்லை முதல்முறை கேட்டபோது, பிள்ளையாரைக் குளத்தில் கரைக்கிற மாதிரி இவர்களையும் எங்கேயோ கொண்டுபோய்க் கரைக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். கான்வென்டில் எங்களுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறக்கிறதோ, அடுத்த கூடுகை அந்த வீட்டில்தான். பிள்ளைக்குக் கடல் காட்டுவது என்று அதற்குப் பெயர். எங்கள் மகள் ரூத் பிறந்து தவழத் தொடங்கியதும் எங்கள் முறை வந்தது. நாங்கள் இருந்தது திண்டுக்கல்லில், பேகம்பூர்ப் பக்கம், ரஹ்மத்துல்லா பாய் வீட்டு மாடியில். கடலுக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஏறி வருவதற்குத் தெருவிலிருந்து நேராக ஒரு வெளிப்படி, சிமெண்டு படி, கைப்பிடி கிடையாது. ரூத் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் வேறெதுவும் கண்ணில் படவில்லை, அந்தப் படியின் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து அதை எட்டிப் பார்ப்பேன், குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன், ஜெபம் சொல்லும்போது ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். நின்ற வீட்டிலேயே இந்தக் கதி என்றால் ஆடுகிற வீட்டில் என்ன செய்வது என்று தண்டபாணி அண்ணனின் மனைவி வடிவு அக்காவிடம் போனில் கேட்டேன்.

"ஏங்கண்ணு, இதுக்குப் போயி அழுவியா?" என்றார் வடிவு அக்கா. "தட்டுக்கு அடியில ஈரத்துணி விரி, வழுக்காது. ரசம் வெக்காத, அலம்பீரும். படத்துக்கெல்லாம் கீழயும் ஒரு ஆணி அடி. பிள்ளையச் சேலைத் தொட்டில்ல போட்டுரு. வீடு என்ன ஆடுனாலும் தொட்டில் நேராத்தான் நிக்கும் சாமி. எம்பையன் கடல் காட்டுன அன்னிக்குத்தான் மொத மொதல்ல ஒழுங்காத் தூங்குனான்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. அன்று அவர்கள் வந்தார்கள், ஆறாவது ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் தரை ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது, ஈரத்துணியின் மேல் பிரியாணித் தட்டுகள் அசையாமல் இருந்தன, ஹாலின் நடுவில் கொக்கியிலிருந்து தொங்கிய தொட்டில் நேராகவே நின்றது. அதைச் சுற்றி வீடு ஆடியது. பிறந்ததிலிருந்து என்னைத் தூங்கவிடாத என் மகள் அதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். நான் அடுப்படித் தரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெஞ்சை நிறுத்தி வைத்திருந்தேன், அது இரண்டாவது சாய்வில் நகர்ந்து, மூன்றாவது சாய்வில் படிகளில் இறங்கி, தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சத்தத்தை எனக்குள் ஒவ்வொரு படியாகக் கேட்டேன்.

அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இனிகோ தற்செயலாகப் பார்த்து, "டேய் மாசி, நீ இங்கயாடா கிடக்குற" என்று கட்டிப்பிடித்துக் கூப்பிட்டுவிட்டு வந்தவர். பெயர் மாசிலாமணி, சங்கரன்கோவில்காரர், காய்கறி மண்டியில் லோடு கணக்குப் பார்க்கிறவர், ஒண்டிக்கட்டை. ஒரு கட்டு முருங்கைக்காயைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் இவர்களோடு சேர்ந்து படித்தவர்தான், ஆனால் நீச்சல் பரீட்சையில் தேறாமல் ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த பேட்சோடு வெளியே வந்தவர். அந்த பேட்ச்காரர்கள் இவர் எங்கள் ஆள் இல்லை என்றார்கள், இந்த பேட்ச்காரர்கள் இவர் இப்போது அவர்கள் ஆள் என்றார்கள், இரண்டு பக்கத்திலும் கூப்பிடாமல் வருடங்கள் போய்விட்டன. அவர் சாப்பிட்டார், சிரித்தார், ஆட்டத்துக்குக் கால் வைக்கத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் வரிசையாக நின்றார்கள், லுங்கியும் அரைக்கால் சட்டையுமாக, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. தண்டபாணி அண்ணன் நம்பர்களைக் கூப்பிட்டார். மாசிலாமணி வரிசையின் கடைசியில், அடுப்படிக் கதவையொட்டி, மற்றவர்களைவிட விறைப்பாக நின்றார். அவருடைய நம்பர் வரவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, அந்த வரிசையில் அந்த நம்பர் கிடையாது, அதனால் வரவில்லை. "விசர்ஜன்!" என்றார் தண்டபாணி அண்ணன். திரும்பினார்கள், ஓரடி வைத்தார்கள், தரை நின்றது. ஆட்டம் முடிந்தது என்று நான் அப்பாடா சொல்லி எழுந்தேன், அதற்குள் தரை மறுபடி மெல்லச் சாய்ந்தது.

மறுபடி வரிசை, மறுபடி நம்பர், மறுபடி விசர்ஜன். கழிவறையில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்தார்கள். கீழே சிகரெட் பிடிக்கப் போனவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கடைசியில் எல்லோருடைய கண்ணும் அடுப்படிக் கதவுப் பக்கம் போனது. மாசிலாமணி இன்னும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"அவனையும் கூப்பிட்டுருங்களேன்டா, முடிஞ்சுபோச்சு" என்றார் இனிகோ.

"எப்படிடா கூப்புடறது?" என்றார் தண்டபாணி அண்ணன். கெட்ட மனிதர் அல்ல, ஏலக்காய் வாசனையும் வியர்வையுமாகக் களைத்துப்போயிருந்தார். "பாஸிங் அவுட் பரேடு அன்னிக்கு நம்ம கூட நடக்காதவன நான் கூப்புட்டா அது கூப்புட்டதாவே ஆவாது. வரிசையில நிறுத்தாத ஆள எந்த வாயால கலைக்கிறது? ரூல்னா ரூல்தான." பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும்மா, பயப்படாத" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கிளம்பினார்கள். பிள்ளையின் கையில் ஆளுக்கொரு முத்தம் வைத்துவிட்டுப் போனார்கள்.

மாசிலாமணியும் கிளம்பினார். அவர் படிகளில் இறங்க இறங்க வீடு அவர் பக்கமாகச் சாய்ந்தது. நாலு படி இறங்கியிருப்பார், எங்கள் ஃப்ரிட்ஜ் அடுப்படியிலிருந்து புறப்பட்டு ஹாலைக் கடந்து வாசலுக்கு வந்துவிட்டது. அவர் திரும்பி ஏறி வந்தார், வீடு நிமிர்ந்தது. இன்னொரு தரம் முயன்றார், இன்னொரு தரம் ஃப்ரிட்ஜ் வந்தது. அப்புறம் அவர் படியின் தலைப்பில் வாசலுக்குக் குறுக்காக உட்கார்ந்து, முதுகை ஒரு சுவரிலும் காலை மறு சுவரிலும் கொடுத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கம்மா, நான் எறங்குனா வீடும் எறங்கும் போலிருக்கு" என்றார்.

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டில் தங்கினார். இனிகோவுக்கு லீவு முடிந்தது. கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து புறப்படத் தயாராக இருந்தது, போகாமல் இருக்க முடியாது. "மாசி தங்கமான ஆளு எமி, நம்பி இருக்கலாம்" என்று சொல்லி, அவருடைய காலைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனார். நான் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

தெரு அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் பால்காரர், வீடு தெருப்பக்கம் சாயும்வரை பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, சாய்ந்த நொடியில் ஜன்னலுக்குள் எறியக் கற்றுக்கொண்டார். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் மீட்டர் தன் முகத்துக்கு நேராக வரும்வரை பொறுமையாக நின்று எழுதிக்கொண்டு போனார், ஏணி மிச்சம் என்றார். கவுன்சிலர் வந்து இது வீட்டு வரியில் வருமா படகு வரியில் வருமா என்று விசாரித்தார், யாருக்கும் தெரியாததால் டீ குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் மந்திரித்த தீர்த்தம் தெளித்தார், அது இந்தப் பக்கம் ஓடி, பிறகு அந்தப் பக்கம் ஓடியது. வீடு ஆடக் கூடாது என்று திருச்சபையில் எங்கும் சொல்லப்படவில்லை என்றார். வீட்டுக்காரம்மா ஜமீலாம்மா எங்கள் சுவரில் பூத்த உப்பை முறத்தில் சுரண்டி எடுத்து மாங்காய் ஊறுகாய் போட்டார். இந்த ருசி கடை உப்புக்கு வராது என்று தெரு முழுக்கக் கொடுத்தார். வேற்று ஆண் ஒருவர் வீட்டில் இருக்கிறாரே என்று தெரு பேசிவிடக் கூடாது என்று ஜமீலாம்மாவே ராத்திரித் துணைக்கு வந்து படுத்துக்கொண்டார், அப்படித்தான் அந்த வீட்டில் தூக்கம் எவ்வளவு சுகம் என்று வெளியே தெரிந்தது.

முதலில் ரஹ்மத்துல்லா பாய் தார்ப்பாய்க் கடையைச் சாத்திவிட்டு மதியம் ஒரு கண் அயர வந்தார். பிறகு தோல் பதனிடும் ஷாப்பில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர் வந்தார். பிறகு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கம் போன ஒருவர், மூட்டுவலிக்காரி ஒருத்தி, பரீட்சைக்குப் படித்துப் படித்து மூளை சூடான ஒரு பெண், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் கூட்டமாக. எல்லோரும் தலையணையோடு மாசிலாமணியின் காலைத் தாண்டி வந்து ஹாலில் வரிசையாகப் படுப்பார்கள், வீடு அவர்களை இந்தப் பக்கம் உருட்டும், அந்தப் பக்கம் உருட்டும், ஒருவர்மேல் ஒருவர் உரசிக்கொண்டு குறட்டை விடுவார்கள். அந்த ஊரில் இத்தனை பேர் இவ்வளவு களைத்துப்போயிருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து போகும்போது, "அல்லா உனக்குக் கொறை வைக்க மாட்டான்த்தா" என்று என் தலையைத் தொடுவார்கள். நான் அடுப்படி வாசலில் கண் எரிய உட்கார்ந்திருப்பேன். ஆடுகிற தரையில் தூங்காத ஆள் நான் ஒருத்திதான். நான் தூங்கினால் படியைப் பார்ப்பது யார்?

"அதான் அந்த அண்ணன் உக்காந்திருக்காருல்ல, நீ படேன்த்தா" என்பார் ஜமீலாம்மா.

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். காலையில் ஜமீலாம்மா வாசலில் காவல் நிற்க, ஓடிப்போய்க் குளித்துவிட்டு ஓடி வந்து உட்காருவார். போனிலேயே லோடு கணக்குச் சொல்லுவார். மண்டி முதலாளி எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்கும்: "யோவ், தக்காளி அழுகுதுய்யா, நீ மாடியில உக்காந்து காத்து வாங்குறியாக்கும்!" ரூத் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினாள். நான் அவரிடம் அதிகம் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுவேன், வீடே அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஒரு மதியம் அது நடந்தது. ஹாலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன், தொட்டிலிலிருந்து இறக்கிவிட்ட ரூத் ஆட்களுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தாள். வீடு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாய்ந்தது. என் மகள் வயிற்றில் வழுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, தூங்குகிறவர்களின் காலுக்கும் தலைக்கும் இடையில் ஓடையில் விட்ட காகிதம்போலப் போனாள். மாசிலாமணி போனில் வெண்டைக்காய் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். கரண்டியோடு நான் ஓடி வருவதற்குள் அவள் அவருடைய காலுக்கு மேலாக ஏறி அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் போனை விட்டுவிட்டுக் கவுனின் ஓரத்தைப் பிடித்தார். போன் படிகளில் குதித்துக் குதித்து இறங்கியது. அவள் படிக்கு மேலே அந்தரத்தில், இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். "பிடிச்சிட்டாருல்ல, அப்புறம் என்ன?" என்றார் பாய். "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்று மூட்டுவலிக்காரி சொன்னாள். பிறகு ஒவ்வொருவராகத் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தத் தரை நின்றே ஆக வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லையென்றால் ஒருநாள் அவர் கை எட்டாது.

தண்டபாணி அண்ணனுக்குப் போன் போட்டேன். ரூல் என்று ஆரம்பித்தார். போன் கை மாறியது.

"ஏங்கண்ணு, நீ இரு" என்றது வடிவு அக்காவின் குரல். பிறகு அப்பால் திரும்பி, "ஏனுங்க, பச்சப் புள்ள மாடியிலிருந்து உளுந்து சாவோணும், நீங்க ரூலுப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கோணும், அப்படித்தானுங்களே? நானும் கலியாணம் ஆனதுல இருந்து ஈரத்துணி விரிச்சு விரிச்சு என்ற கையே ஊறிப்போச்சு. கூப்புடுங்க அந்த மனுசன!"

போனை ஸ்பீக்கரில் போட்டு மாசிலாமணியின் முன்னால் வைத்தேன். அவர் எழுந்து விறைத்து நின்றார். ஹாலில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்டபாணி அண்ணன் நல்ல குரலில், உண்மையிலேயே அணிவகுப்புக் குரலில் கூப்பிட்டார், விசர்ஜன் சொன்னார். மாசிலாமணி வலப்பக்கம் திரும்பி ஓரடி வைத்தார். தரை நிற்கவில்லை. கொஞ்சமாவது யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை.

"டவர் சரியில்லயோ?" என்றார் பாய்.

"சத்தம் நல்லா கேட்டுச்சு" என்றார் மாசிலாமணி, மறுபடி உட்கார்ந்துகொண்டே. "நல்லாத்தான் சொன்னான். பாவம், அவன் என்ன செய்வான்."

அன்றுதான் நான் அவர் பக்கத்தில், ஒரு படி கீழே, ரூத்தை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். உங்களை எதற்காகப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்று.

"குதிக்கலம்மா" என்றார். "நீச்சல் குளத்துல பத்து மீட்டர் உசரத்துல ஒரு பலகை இருக்கும். அதுல ஏறி நின்னு தண்ணியில குதிக்கணும். எல்லாரும் குதிச்சாவ. நான் ஏறிட்டேன். ஏறி நின்னா கீழ தண்ணி ஒரு தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. குதி குதின்னாவ. வாத்தியார் திட்டினாரு, பயலுவ கை தட்டினானுவ, கெட்ட வார்த்தை சொன்னானுவ, அப்புறம் கெஞ்சினானுவ. எனக்குக் காலு வரல. அப்புறம் மணி அடிச்சுது. கீழ எல்லாரையும் வரிசையா நிறுத்தி, விசர்ஜன் சொன்னாவ, சாப்பிடப் போயிட்டாவ."

"நீங்க?"

"நின்னேன். குதின்னு எல்லாரும் சொன்னாவ, எறங்கி வான்னு ஒருத்தரும் சொல்லலல்லா. இருட்டினதுக்கு அப்புறம் ஏணியப் பிடிச்சு நானா எறங்குனேன். அது எறங்குனதுல சேத்தி இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரரும் அங்க இருந்தாரா?"

"எல்லாருந்தான். சின்னப் பயலுவதானம்மா, பசிச்சிருக்கும்."

வீடு எங்களை ஒரு பக்கம் கொண்டுபோய் மறுபக்கம் கொண்டுவந்தது. எதிர் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள், இறங்கத் தெரியாது. கட்டில்மேல் ஏறிவிட்டு, கீழே பார்த்து, உதடு பிதுங்க நிற்பாள். அப்போது அவளிடம் குதி என்று நான் சொன்னதே இல்லை.

எழுந்து ஹாலுக்குப் போய், எல்லோரும் கீழே போங்கள் என்றேன். முனகிக்கொண்டே தலையணைகளோடு இறங்கினார்கள். ஜமீலாம்மாவிடம் ரூத்தைக் கொடுத்து, தெருவின் அந்தக் கோடிக்கு, டிரான்ஸ்பார்மரையும் தாண்டிப் போய் நிற்கச் சொன்னேன். பிள்ளை கையிலிருந்து போனதும் எனக்குப் பயம் முழுசாக வந்தது. அதுவரை அவள் எடைதான் அதை அழுத்தி வைத்திருந்தது. படிகளில் இறங்கி, கடைசிப் படிக்கு நேர் எதிரே, தெருவில் நின்றேன். வீடு சாய்ந்தால் முதலில் யார்மேல் விழுமோ அந்த இடத்தில்.

"நீங்க அங்கிட்டுத் தள்ளிப் போங்கம்மா!" என்று மேலேயிருந்து கத்தினார் மாசிலாமணி. "நான் எறங்குனா சாயும்னு தெரியும்லா!"

"ஏ எமி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பிள்ள இருக்குத்தா!" என்று தெருக்கோடியிலிருந்து ஜமீலாம்மா கத்தினார். ரூத் அழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவேன் என்பதால் திரும்பவில்லை.

"நான் இங்கதான் நிப்பேன்" என்றேன். "எறங்கி வாங்கண்ணா."

அதுவரை நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

அவர் எழுந்தார். முதல் படியில் கால் வைத்தார். வீடு சாய்ந்தது. ஃப்ரிட்ஜ் புறப்படும் சத்தம் கேட்டது. மாடியிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் வந்து உடைந்தது. அவர் நின்றுவிட்டார்.

"பரவால்ல, மண்ணுதான். அடுத்த காலை வைங்க" என்றேன். "கீழ பாக்காதீங்க, என்னையப் பாருங்க. ஆங், அப்படித்தான். இன்னொண்ணு. செவுத்தப் பிடிச்சுக்கங்க. நான் எங்கயும் போகல. சாப்பிடப் போகல, எங்கயும் போகல. இன்னொண்ணு வைங்கண்ணா."

அவர் இறங்க இறங்க வீடு தெருவின்மேல் குனிந்தது. வெயில் மறைந்து அதன் நிழல் எனக்கு மேலே வந்தது. சுவர் முனகியது. மொட்டைமாடித் தொட்டியின் மூடி திறந்து தண்ணீர் என் தலையில் கொட்டியது, உப்புத் தண்ணீர், கண் எரிந்தது, ஆனாலும் மூடவில்லை, மூடினால் அவர் எதைப் பார்த்து இறங்குவார். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை, வாங்க வாங்க என்றுதான் வந்தது, அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். எங்கள் ஃப்ரிட்ஜ் வாசலில் வந்து முட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளேயிருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகப் படிகளில் உருட்டிவிட்டது. அவை அவரைத் தாண்டி, என்னைத் தாண்டி, தெருவில் ஓடின.

கடைசிப் படியிலிருந்து அவர் தெருவில் கால் வைத்தார். வீடு அப்படியே குனிந்தபடி நின்றது, நிமிரவும் இல்லை, விழவும் இல்லை. அவர் என் முன்னால் குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைத்து நின்றார். கன்னமெல்லாம் ஈரம். எனக்குப் புரிந்தது, அவர் சொல்லுக்காக நிற்கிறார். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னாலும் அது என் வாயில் நிற்காது. எங்கள் தலைக்கு மேலே ஒரு வீடு காத்திருந்தது. வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"போயிட்டு வாங்கண்ணா."

அவர் தோள் இறங்கியது. கைகள் தொடையை விட்டுப் பிரிந்து, என்ன செய்வதென்று தெரியாமல், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டன.

"வாரேம்மா" என்றார்.

திரும்பி நடந்தார். டிரான்ஸ்பார்மர் பக்கம் ரூத்தின் காலைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் திரும்பினார். வீடு மெல்ல நிமிர்ந்து, ஒருமுறை அந்தப் பக்கம் போய், திரும்பும் வழியில் நேராக நின்றுவிட்டது. நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெருவுக்கு என்மேல் வருத்தம்தான். தலையணையோடு வந்தவர்கள் ஹாலில் படுத்துப் பார்த்து, வெறும் தரைதானே என்று எழுந்து போனார்கள். பால்காரர் பழக்கதோஷத்தில் காத்து நின்று, ஜன்னல் வராததால் படியேறினார், இதற்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். வடிவு அக்கா போன் செய்து, "அண்ணன் ஒரே ரோசனையா இருக்காருங்கண்ணு, உங்கூட்டுல விசர்ஜன் சொன்னது ஆருன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு" என்றார். யாரும் சொல்லலக்கா என்றேன். அப்புறம் எப்படிக் கலைஞ்சான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கலையலண்ணா, ஊருக்குப் போயிருக்காரு என்றேன். பிறகு தண்டபாணி அண்ணன் போனை வாங்கி, அவனுடைய நம்பர் இருந்தா அனுப்பும்மா என்றார். எந்த நம்பர் என்று நான் கேட்கவில்லை, போன் நம்பரை அனுப்பினேன்.

அந்த வாரமே ஆசாரியை வரவழைத்தேன். படியின் தலைப்புக்கு அளவெடுத்து, இடுப்பு உயரத்துக்குத் தேக்குச் சட்டத்தில் ஒரு தட்டி செய்துகொண்டு வந்தார்.

"பிள்ள விழாம இருக்கத்தானம்மா? ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு இறுக்கிர்றேன், அசையாது" என்றார்.

"ஆணி வேண்டாம். கீல் வைங்க" என்றேன். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க இருக்காங்க."